மீன் ஒட்டிய கவர்

அப்பத்தா முடைந்த பனை ஓலைப்பெட்டி ஒன்று இன்னும் என்னிடம் இருக்கிறது. மூடியைத் திறந்ததும் காய்ந்த ஓலை வாசம் வரும், அதன் பின்னாலேயே பூச்சி அரிக்காமலிருக்கப் போட்டு வைத்த வேப்பிலையின் கசப்பு வரும், மூக்கை இன்னும் கொஞ்சம் உள்ளே விட்டால் மெல்லிசாக நெத்திலிக் கருவாட்டு வாசமும் வரும். கருவாடு வைக்கத்தான் அப்பத்தா அதை முடைந்தாள். கொஞ்ச நாள் கருவாடுதான் இருந்தது. பிறகு ஒரு மத்தியானம் முழுக்க அழுது அதை எனக்கென்று வாங்கிக்கொண்டேன். ஒன்பது வயதுப் பிள்ளை கவர் வைக்கப் பெட்டி கேட்டு அழுத கதையை அப்பத்தா கடைசிவரை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

பெட்டிக்குள் இருப்பது தபாலில் வந்த கவர்கள். மொத்தம் 63. ஒவ்வொன்றின் வலது மூலையிலும் கடலில் பிறந்த ஏதாவது ஒரு உயிர் ஸ்டாம்பாக ஒட்டியிருக்கும். ஒன்றே ஒன்றில் மட்டும் இருக்காது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

எங்கள் ஊர் மண்டபம். மேற்கே நிலம், கிழக்கே பாம்பன் பாலம், மீதி இரண்டு பக்கமும் கடல். வரைபடத்தில் அவற்றுக்குப் பாக் விரிகுடா, மன்னார் வளைகுடா என்று பெயர். எங்களுக்கு வடகடல், தென்கடல். வாடைக்காற்று வந்தால் வடகடல் குமுறும், தென்கடல் குளம் மாதிரிக் கிடக்கும். கச்சான் வீசத் தொடங்கினால் இரண்டும் குணம் மாற்றிக்கொள்ளும், அதைப் பார்த்து வள்ளங்களும் கரை மாறும். ராத்திரி பாயில் படுத்துக்கொண்டு, இன்றைக்கு எந்தக் கடல் சத்தம் போடுகிறது என்று காதை வைத்தே சொல்லிவிடுவோம். நடுவில் ராமேஸ்வரம் ரயில் பாலத்தில் ஊர்ந்து போகும் தடதடப்பு வந்தால், அது அடங்கும்வரை பேச்சை நிறுத்தி வைப்பார் ஐயா. ஐயா என்றால் அப்பாவின் அப்பா. வாழ்நாளெல்லாம் வலைக்குப் போனவர். அவருடைய உள்ளங்கையில் கயிறு அறுத்த கோடுகள், ரேகை எது தழும்பு எது என்று தெரியாமல் கலந்து கிடக்கும்.

அப்பா கடலுக்குப் போகவில்லை. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில் அட்டெண்டர் வேலை. ஊரில் அதை மீன் ஆபீஸ் என்போம். ஒரு காலத்தில் அந்த நிலையத்தின் தலைமை அலுவலகமே எங்கள் மண்டபத்தில்தான் இருந்தது. 1971இல் அது கொச்சிக்குப் போனது, இங்கே மண்டல மையம் தங்கியது. அப்பா சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும்போதே ஃபார்மலின் நெடி அவருக்கு முன்னால் வந்து நிற்கும். கண்ணாடி ஜாடியில் மீனைப் போட்டு வைக்கும் மருந்து அது. சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு, டிபன் கேரியரை அம்மாவிடம் நீட்டுவார். அந்தக் கேரியரின் மேல்தட்டில்தான், குழம்பு படாமல் காய்ந்த வாழையிலைச் சருகுக்கு நடுவே, எனக்கான கவர் இருக்கும். பள்ளிக்கூடம் விட்டு வந்ததிலிருந்து நான் வாசல்படியில் காத்துக் கிடப்பது அந்த மேல்தட்டுக்காகத்தான்.

முதல் கவர் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. ஓரமெல்லாம் சிவப்பும் நீலமுமாகச் சாய்வுக்கோடு போட்ட ஏர்மெயில் கவர். ஸ்டாம்பில் செம்மஞ்சள் உடம்பில் வெள்ளைப்பட்டை போட்ட ஒரு மீன், கடற்சாமந்திப் பூவின் விரல்களுக்கு நடுவே எட்டிப் பார்த்தது. சிம்னி விளக்கின் வெளிச்சத்தில் ஐயாவிடம் காட்டினேன். கவரைத் தூரமாகப் பிடித்து, கண்ணைச் சுருக்கி, "இது நம்ம தீவுப் பக்கம் பாருல கெடக்குமே தாயி, தின்ன ஆகாது" என்றார். நான் அசந்துவிட்டேன். எங்கேயோ இருக்கிற தேசம், எங்கள் ஊர்ப் பவளப்பாறையில் கிடக்கிற மீனை, நாங்கள் வலையிலிருந்து உதறிப் போட்டுவிடுகிற மீனை, மகாராணி படத்தை ஒட்டுகிற இடத்தில் ஒட்டி அனுப்பியிருக்கிறது. அந்த ராத்திரி வடகடல் சத்தத்தைக் கேட்டபோது, இதே தண்ணீர் அங்கேயும் போய்க் கரையில் மோதும் என்று முதல்முறையாகத் தோன்றியது.

ஆஸ்திரேலியா 1966இல் பவுண்டை விட்டு டாலருக்கு மாறியபோது அடித்த புது ஸ்டாம்புகளில் நான்கு, பவளப்பாறை உயிர்களுக்கென்று ஒதுக்கப்பட்டன என்பது பின்னால்தான் தெரிந்தது. எனக்கு வந்தது 10 சென்ட். 9 சென்ட் ஸ்டாம்பில் காலிச் சங்குக்குள் குடியேறும் நண்டு. அந்த நண்டை எங்கள் கரையில் கையளவு தூரத்துக்கு ஒன்றாகப் பார்க்கலாம். ஆனால் ஸ்டாம்பில் பார்த்த பிறகு கரையில் அதை மிதித்துவிடாமல் நடக்கப் பழகினேன்.

பழைய கவர் எப்படிக் கிடைத்தது என்று கேட்பீர்கள். ஆபீஸின் கிட்டங்கியில் பழைய கடிதக் கட்டுகளைக் கழித்துக் கட்டிக்கொண்டிருந்த சமயம் அது. பல தேசத்து ஆராய்ச்சிக்காரர்கள் மண்டபத்துக்கு எழுதிய கடிதங்கள். கடிதமெல்லாம் கோப்புக்குப் போய்விட, உறைகள் மட்டும் சணல் கயிற்றில் கட்டி மூலையில் கிடந்தன. எரிக்கக் கொடுத்த அந்தக் கட்டுகளை நூலகத்தில் இருந்த சாரிடம் கேட்டு அப்பா வாங்கி வந்தார். ஒரு நாளைக்கு ஒன்றோ இரண்டோதான் தருவார். மொத்தமாகக் கொடுத்தால் பிள்ளைக்கு ஆசை சீக்கிரம் தீர்ந்துபோகும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

ஜப்பான் கவர் வந்த நாளில்தான் நான் அந்தத் தப்பைச் செய்தேன். ஜப்பான் 1966, 67 ஆண்டுகளில் தன் கடலிலும் ஆற்றிலும் கிடைப்பவற்றுக்காக 12 ஸ்டாம்பு வெளியிட்டது. அதில் சிங்கிறால் போட்ட ஸ்டாம்பு அந்தக் கவரில் இருந்தது. மீசை இரண்டும் ஸ்டாம்பின் விளிம்பைத் தொடுகிற மாதிரி நீண்டு, ஓட்டின் முள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிய, அவ்வளவு அழகு. ஸ்டாம்பு சேர்க்கிறவர்கள் தண்ணீரில் ஊறவைத்து எடுப்பார்கள் என்று பள்ளியில் யாரோ சொன்னதைக் கேட்டு, அந்த மூலையைக் கத்தரித்து எவர்சில்வர் கிண்ணத்தில் மிதக்கவிட்டேன். பசை கரைந்து ஸ்டாம்பு தனியாக வந்தது. முகம் பார்க்கும் கண்ணாடியில் ஒட்டிக் காயவைத்தேன். மூலையில்லாத கவரை அடுப்பில் போட்டுவிட்டு, மறுநாள் பெருமையாக அப்பாவோடு நூலகத்துக்குப் போய் ஸ்டாம்பை சாரிடம் நீட்டினேன்.

அவர் திட்டவில்லை. பூதக்கண்ணாடி வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். "இறால் நல்லாத்தாம்மா இருக்கு. எந்த ஊர்லேருந்து கிளம்புச்சு?" என்றார். ஜப்பான் என்றேன். "ஜப்பான்ல எந்த ஊரு? என்னைக்கு? யாருக்கு வந்துச்சு?" எனக்குத் தெரியவில்லை. அதெல்லாம் சீலில் இருந்தது, முகவரியில் இருந்தது, முதல்நாள் ராத்திரி அடுப்பில் வெந்து போயிருந்தது. வட்டச் சீலின் கால்பங்கு மட்டும் ஸ்டாம்பில் ஒரு கறுப்பு வளைவாக மிச்சமிருந்தது. சார் தன் மேசையிலிருந்து வேறொரு கவரை எடுத்து, பின்பக்கம் திருப்பிக் காட்டினார். அங்கே எங்கள் மண்டபம் தபாலாபீஸின் சீல், வந்து சேர்ந்த தேதியோடு. முன்பக்கம் புறப்பட்ட ஊர், பின்பக்கம் சேர்ந்த ஊர். இரண்டு தேதியையும் கழித்தால் அந்த மீன் எத்தனை நாள் பயணம் செய்தது என்று கணக்கு வந்துவிடும். அன்றிலிருந்து எந்தக் கவரிலும் நான் கத்தரி வைத்ததில்லை. அந்தச் சிங்கிறால் ஸ்டாம்பை ஒரு வெள்ளைத்தாளில் ஒட்டி, இன்றைக்கும் பெட்டியின் அடியில் தனியாக வைத்திருக்கிறேன். 63இல் அது சேராது.

அந்த சார்தான் எனக்கு நியூஃபவுண்ட்லாந்து கதையைச் சொன்னார். கனடாவின் கிழக்கே குளிர்கடலில் கிடக்கும் அந்தத் தீவுக்காரர்கள் காட் மீனை நம்பியே வாழ்ந்தவர்கள். 1865இல் அவர்கள் அடித்த 2 சென்ட் ஸ்டாம்பில் அந்தக் காட் மீனும், 5 சென்ட் ஸ்டாம்பில் ஒரு கடல்நாயும் இடம்பிடித்தன. படம் வரைந்தவர் கடல்நாயின் முன்துடுப்புகளை நாயின் பாதம் மாதிரி வரைந்துவிட்டாராம். "சோறு போடுறது எதுவோ அதை ஸ்டாம்புல போட்டுக் கும்பிட்டிருக்காங்க" என்றார் சார். ஐயாவிடம் வந்து சொன்னேன். வலையைப் பொத்திக்கொண்டிருந்தவர் ஊசியை நிறுத்தி, "நாயமான சனம்" என்றார்.

வருகிற கவரையெல்லாம் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு ஐயாவிடம் காட்டுவது எங்கள் வீட்டு வழக்கமாகிவிட்டது. திண்ணையில் அவர் சாய்ந்திருக்க, அப்பத்தா வெற்றிலை இடிக்கிற சத்தம் உள்ளேயிருந்து வர, நான் ஒவ்வொன்றாக நீட்டுவேன். ஸ்டாம்பின் அடியில் இங்கிலீஷிலோ லத்தீனிலோ ஒரு பெயர் இருக்கும். அதைப் பார்க்காமலே ஐயா தன் பெயரைச் சொல்வார். வண்ணாத்தி, கிளிமீன், களவாய், பேத்தை, ஓரா, அழுங்காமை, பேராமை. மொரீஷியஸிலிருந்து 1969 வரிசை ஸ்டாம்பு ஒட்டி வந்த ஒரு கவரிலிருந்த உயிரை மட்டும் நாலு நாள் யோசித்து, ஐந்தாம் நாள் விடியலில் வலைக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று என்னை எழுப்பிப் பெயர் சொல்லிவிட்டுப் போனார். அரைத்தூக்கத்தில் கேட்ட அந்தப் பெயரை நான் மறந்துவிட்டேன். எழுதி வைக்காமல் விட்டதற்கு இன்றைக்கும் மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.

கோடை லீவுக்கு அம்மாவின் ஊரான குளச்சலுக்குப் போவோம். அங்கே அம்மாச்சியின் டிரங்குப் பெட்டியில் பழைய கடிதங்கள் ஒரு துணி முடிச்சாக இருந்தன. அதில் ஒரு உறையைப் பார்த்ததும் எனக்குக் கை நடுங்கியது. ஸ்டாம்பின் நடுவில் சங்கு. எங்கள் தென்கடலில் முங்கி எடுக்கிற அதே பால்சங்கு. குளச்சல் அப்போது திருவிதாங்கூர் ராஜ்ஜியத்தில் இருந்தது, ராஜ்ஜியத்துக்குச் சங்குதான் சின்னம், அவர்களுக்கென்று அஞ்சல் என்ற தனித் தபாலும் இருந்தது, 1888 முதல் சங்கு போட்ட ஸ்டாம்பு அடித்தார்கள், விலையைச் சக்கரக் கணக்கில் குறித்தார்கள் என்றெல்லாம் அம்மாச்சி மீன் கழுவிக்கொண்டே சொன்னாள். 16 காசு ஒரு சக்கரம். 1951இல் அந்த அஞ்சல் இந்தியத் தபாலோடு சேர்ந்துவிட்டது. கடிதத்தைத் தான் வைத்துக்கொண்டு உறையை மட்டும் எனக்குத் தந்தாள். ஊருக்கு வந்து ஐயாவிடம் காட்டியபோது அவர் சங்கை விரலால் தடவிப் பார்த்தார். "இது வங்காளத்துக்கு வளையலாப் போகும்னு தெரியும். கடுதாசியிலயும் போயிருக்கா" என்றார்.

இனி அந்தச் சிநேகிதியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

83 கலவரத்துக்குப் பிறகு மண்டபம் அகதி முகாமுக்கு இலங்கையிலிருந்து சனங்கள் வந்து இறங்கிக்கொண்டே இருந்தார்கள். அப்படி மன்னாரிலிருந்து வந்தவள் என் வகுப்பில் சேர்ந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். கவர் சேர்க்கிற என் கிறுக்கைச் சொன்னதும், "எங்கட அம்மம்மா போட்ட கடிதத்தில நல்ல முத்திரை ஒண்டு இருக்கு, வேணுமோ?" என்றாள். எங்கள் ஊரில் முத்திரை என்றால் சீல். சீல் மட்டும் எனக்கெதற்கு என்று வேண்டாமென்றேன். மறுநாள் நோட்டுக்குள் வைத்துக் கொண்டுவந்து காட்டியபோதுதான், அவர்கள் ஸ்டாம்பைத்தான் முத்திரை என்கிறார்கள் என்று புரிந்தது. ஸ்டாம்பில் இலங்கை என்று தமிழில் எழுதியிருந்தது. வெளிதேசத்து ஸ்டாம்பில் நம் எழுத்தைப் பார்த்த சந்தோஷத்தில் படத்தைக் கொஞ்சம் தாமதமாகத்தான் பார்த்தேன். கடற்பசு. 1983இல் இலங்கை தன் கடலின் பாலூட்டிகளுக்காக வெளியிட்ட ஸ்டாம்புகளில் ஒன்று.

அன்று ராத்திரி அதை நீட்டியதும் ஐயா பெயர் சொல்லவில்லை. விளக்கை இன்னும் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, "ஆவுளியா" என்றார். வடகடலில் புல் மேய வரும், நம்மைப்போல் மூச்சு வாங்க மேலே வரும், வலையில் சிக்கினால் மேலே வரமுடியாமல் மூச்சுமுட்டிச் சாகும், கன்று போட்டால் ஒன்றே ஒன்று, மாடு மாதிரி பால் கொடுத்து வளர்க்கும் என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டே போனார். "நானும் தின்னுருக்கேன் தாயி. ஊரே கூறு போட்டுத் தின்னுருக்கோம். ஒருதடவ ஆத்தாக்காரி வலைக்குள்ள கெடக்கா, கன்னு வெளிய நிக்கி. வெரட்டுனாலும் போகல." அதற்கு மேல் அவர் சொல்லவில்லை. அப்பாதான் பேச்சை மாற்ற, 1959 வாக்கில் ஆபீஸில் ஒரு சோடி ஆவுளியாவைத் தொட்டியில் வைத்துப் பல வருடம் வளர்த்ததையும், அவற்றுக்குக் கடற்புல் கொண்டுவந்து போட்டதையும் சொன்னார். அதற்குப் பிறகு நான் எந்தக் கவரை எடுத்துப் போனாலும் ஐயா முதலில் அந்த இலங்கைக் கவரைத்தான் கேட்பார்.

87இல் இந்திய-இலங்கை ஒப்பந்தம் ஆனபிறகு அவர்கள் ஊருக்குத் திரும்பிப் போனார்கள். போகும்போது, மீன் முத்திரை ஒட்டித்தான் கடிதம் போடுவேன் என்று என் சிநேகிதி சத்தியம் செய்தாள். ஏழெட்டு மாதம் கழித்து ஒரு கவர் வந்தது. ஓரம் நைந்து, ஈரம் பட்டு முகவரி மை ஊறியிருந்தது. ஸ்டாம்பில் மீன் இல்லை. அதன் பக்கத்தில், காலியாக இருந்த இடத்தில், அவளே நீலப் பேனாவால் ஒரு ஆவுளியா வரைந்திருந்தாள். தபாலாபீஸ்காரர் ஸ்டாம்பின் மேல் குத்திய சீலின் விளிம்பு அந்த ஆவுளியாவின் முதுகிலும் விழுந்திருந்தது. நான் பதில் போட்டேன். அதற்குப் பிறகு அவளிடமிருந்து கடிதம் இல்லை. கடல் உயிர் ஸ்டாம்பில் இல்லாத அந்த ஒரு கவர் அதுதான். பெட்டியில் எல்லாவற்றுக்கும் மேலே இருப்பதும் அதுதான்.

1991இல் நம் நாடும் கடற்பசுவுக்கு ஸ்டாம்பு வெளியிட்டது, கங்கை ஓங்கிலோடு சோடியாக. எங்கள் சின்னத் தபாலாபீஸுக்கு அது வரவில்லை. மதுரையில் வேலையிலிருந்த சித்தப்பாவுக்கு எழுதினேன். வாங்கி வரவேண்டாம் சித்தப்பா, ஒட்டித் தபாலில் போடுங்கள் என்று இரண்டு தடவை அடிக்கோடிட்டு எழுதினேன். அவ்வளவு விலையுள்ள ஸ்டாம்பு தேவையேயில்லாத ஒரு பக்கக் கடிதத்தில் அதை ஒட்டி அனுப்பினார். தபால்காரர் கையிலிருந்து வாங்கி, பழக்கத்தில் நேரே திண்ணைக்குத்தான் ஓடினேன். ஐயா போய் ஒரு வருடம் ஆகியிருந்தது.

2022இல் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கரையோரமாக வடகடலில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுக் காப்பகமாக அரசு அறிவித்தது. செய்தியைப் படித்த ராத்திரி பெட்டியைத் திறந்து மூன்று ஆவுளியாவையும் பாயில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மன்னாரிலிருந்து வந்த இரண்டும் மதுரையிலிருந்து வந்த ஒன்றும். மேயப் புல்லும் மூச்சு வாங்க மேலே வர வழியும் இருந்தால், கன்றுகள் ஆத்தாக்காரிகளோடு வளர்ந்துவிடும்.

உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு டிரங்குப் பெட்டி இருக்கலாம், அதற்குள் ஒரு துணி முடிச்சும் இருக்கலாம். அவிழ்த்துப் பாருங்கள். உறையில் ஒரு மீனோ சங்கோ ஆமையோ தெரிந்தால், கத்தரி எடுக்காதீர்கள். புறப்பட்ட ஊரும் சேர்ந்த ஊரும் எழுதியவர் கையும் அந்தக் கவரில்தான் இருக்கின்றன. வீட்டில் வயசானவர்கள் யாராவது இருந்தால் அவர்களிடம் காட்டி, அந்த உயிருக்கு உங்கள் ஊரில் என்ன பெயர் என்று கேட்டு, உடனே எழுதி வையுங்கள்.